மரங்கொத்தியைத் திருப்பிய பட்டன்

இணையப் பக்கத்தில் படத்தை வெட்டவும் திருப்பவும் வெளிச்சம் கூட்டவும் ஒரு கருவியைச் சேர்ப்பது இன்று உங்களுக்கு ஒரு காலை நேர வேலை. எங்கிருந்தோ இறக்குகிறீர்கள், நாலு வரி எழுதுகிறீர்கள், ஓடுகிறது என்று தெரிந்ததும் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறீர்கள். பார்க்க எனக்கு எரிச்சலாக வருகிறது. பொறாமை என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன், பொறாமைதான். ஆனால் அதே வேலையை முதன்முதலில் செய்தபோது நாங்கள் பட்ட சந்தோஷத்தில் கால்வாசிகூட உங்கள் முகத்தில் காணோம். அந்தச் சந்தோஷத்தைப் பற்றியும், அது எங்களைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தியது என்பதைப் பற்றியும் எழுதுகிறேன். ஓய்வு பெற்றவளிடம் எழுதச் சொன்னது நீங்கள்தான். நீளமாகப் போனால் என்னைத் திட்டக் கூடாது.

கோவில்பட்டிக்குள் பிராட்பேண்ட் வந்து சேர்ந்த புதிது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடை, அதன் மாடியில் எங்கள் அலுவலகம். அதற்கு முன் நான் பல வருஷம் டைப்ரைட்டிங்கும் பிறகு கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுத்தவள். ஊரில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள், அல்லது என்னிடம் படிக்க முடியாமல் ஓடிப்போனவர்கள். அதனால் எல்லோருக்கும் நான் டீச்சர். என்னைவிட மூத்த தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளுக்கும் டீச்சர்தான். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெளியூரிலிருந்து நம் அலுவலகத்தில் வந்து சேர்ந்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முதலாளி சிவகாசி அச்சகங்களுக்கு லேபிள் ஆர்டர் பிடித்துத் தருபவர். மரப்பெட்டியில் லேபிள் ஒட்டிய காலம் போய், அட்டையிலேயே படத்தை அச்சடித்து மடிக்கும் பெட்டிகள் வந்திருந்தன. என்றாலும் பழக்கத்தில் அதையும் லேபிள் என்றே சொன்னார்கள். அதில் ஓர் எழுத்தை மாற்ற வேண்டும் என்றாலும், பழைய அட்டையில் சிவப்பு மையால் திருத்தம் எழுதி, ஓர் ஆளை சிவகாசி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். அவர் அங்கே டிசைனர் பக்கத்தில் உட்கார்ந்து, 'இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் சிவப்பா' என்று வாயாலேயே படம் வரைந்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்புவார். மறுநாள் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பார்த்துவிட்டு, 'இதையா நான் சொன்னேன்' என்பார். திரும்பவும் பஸ்.

இந்தப் பஸ் பயணத்தை ஒழிக்கத்தான் எங்கள் இணையதளம். தீப்பெட்டி முதலாளிகள் தங்கள் லேபிளைத் திரையில் பார்த்து ஆர்டர் போடலாம். ஆனால் பார்க்கத்தான் முடியும், தொட முடியாது. தொடுவதற்கு ஒரு வழி வேண்டும் என்று வந்தபோதுதான் படத் திருத்தக் கருவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

சுப்புராஜ் எங்களுடைய புரோகிராமர். இடைசெவல் பக்கத்து ஆள். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், எங்கும் அவசரம். அவன் தானே எழுதுவதாகச் சொன்னான்.

“ரெண்டு மாசம் குடுங்க டீச்சர். எல்லாத்தையும் நானே எழுதிருதேன்.”

“ரெண்டு மாசத்துல வெட்டுததுக்கு மட்டும் எழுதியிருப்ப. திருப்புதது அடுத்த பொங்கலுக்கு வரும்” என்றேன்.

கோபித்துக்கொண்டு அரை நாள் பேசாமல் இருந்தான். பிறகு அவனே தேடிப்பிடித்து, வெளிநாட்டுக்காரர்கள் செய்து விற்ற ஒரு கருவியைக் காட்டினான். வாங்கினோம். அதை இறக்குவதற்குள் கரண்ட் போய்ப் போய் வந்தது. பாதியில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். யுபிஎஸ் கத்தும்போதெல்லாம் சுப்புராஜ் எழுந்து நின்று அதைக் கும்பிட்டான்.

அது ஓடிய முதல் நாளை எப்படிச் சொல்வேன். சுப்புராஜ் எங்கள் முதலாளியின் போட்டோவை ஏற்றினான். திரையின் மேல் விளிம்பில் சின்னச் சின்னப் படங்களாக ஒரு வரிசை பட்டன். ஒன்றை அமுக்கினான். முதலாளியின் வகிடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போனது. சட்டைப் பை வலது மார்புக்கு வந்துவிட்டது. வாடிக்கையாளர்களிடம் போன் பேசும் விஜயா சிரித்த சிரிப்பில் கீழே உரக்கடைக்காரர் என்னமோ ஏதோ என்று மேலே ஓடி வந்துவிட்டார். அவரையும் போட்டோ எடுத்து ஏற்றி, திருப்பிக் காட்டினோம். அவர் தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கண்ணாடியில பாக்க மாதிரில்லா இருக்கு” என்றார். உலாவியில், ஒரு சாதாரண இணையப் பக்கத்தில், எதையும் தனியாக நிறுவாமல் ஒரு படம் எங்கள் கைக்குக் கட்டுப்பட்டது. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. வயது நாற்பதைத் தாண்டிய பொம்பளை ஒரு பட்டனுக்காக அழப் பார்த்தேன் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், இப்போது சொல்லிவிட்டேன்.

அந்தப் பட்டன்களில் எழுத்து கிடையாது. எழுத்து இல்லாததும் எங்களுக்குக் கொண்டாட்டம். அன்று தமிழ் எழுத்து ஒரு கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும், அடுத்ததில் கட்டம் கட்டமாகத் தெரியும். படம் என்றால் எங்கும் ஒன்றுபோலத் தெரியுமே. கத்திரிக்கோல் என்றால் வெட்டு. சூரியன் என்றால் வெளிச்சம். ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு முக்கோணம், நடுவில் ஒரு புள்ளிக்கோடு என்றால் படத்தை இடவலமாகத் திருப்பு. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்று நினைத்தோம். கருவியோடு வந்த எல்லா பட்டன்களையும் அப்படியே வைத்தோம். ஒன்றையும் எடுக்க மனசு வரவில்லை. காசு கொடுத்து வாங்கியதில் கழிக்க யாருக்கு மனசு வரும்.

இனி மரங்கொத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊரில் இரண்டு ஆபீஸ்கள், இரண்டுக்கும் மரங்கொத்திதான் லேபிள். அண்ணன் தம்பி. ஊர் வழக்கப்படி பெரியவர், சின்னவர் என்றே சொல்கிறேன். அவர்கள் அப்பா ஆரம்பித்த லேபிள் அது. மஞ்சள் நிறத்தில் ஒரு மரம், அதில் சிவப்புக் கொண்டையோடு ஒரு மரங்கொத்தி. வடக்கே உள்ள வியாபாரிகளுக்குத் தமிழும் தெரியாது, சின்ன எழுத்தில் ஓரத்தில் போடும் தயாரிப்பாளர் பெயரை யாரும் படிப்பதும் கிடையாது. படத்தைக் காட்டித்தான் பெட்டி கேட்பார்கள். அதனால் சொத்துப் பிரித்தபோது கட்டடம், நிலம் எல்லாம் சுலபமாகப் பிரிந்துவிட்டது, பறவை பிரியவில்லை. கடைசியில் அவர்கள் அப்பாவே ஒரு வழி சொன்னார். வலது பக்கம் பார்க்கும் மரங்கொத்தி பெரியவருக்கு. இடது பக்கம் பார்க்கும் மரங்கொத்தி சின்னவருக்கு. சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் ஒரு பேச்சும் வைத்தார்கள். எவன் தன் பறவையை அடுத்தவன் பக்கத்துக்குத் திருப்புகிறானோ, அவன் பறவையையே விட்டுவிட வேண்டும்.

அப்பா இறந்த பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. கல்யாண வீட்டில் எதிரெதிர்ப் பந்தியில் உட்காருவார்கள். ஆனால் பறவை விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரு நூல் பிசகியது கிடையாது. இருவருமே எங்கள் வாடிக்கையாளர்கள். நாங்கள் ஒருவர் வரும்போது இன்னொருவர் வராதபடி பார்த்துக்கொள்வோம்.

கருவியைச் சேர்த்துச் சில வாரம் ஆகியிருக்கும். ஆர்டர்கள் பறந்தன. சிவகாசி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று நானே எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அன்று முதலாளி மெட்ராஸ் போயிருந்தார். காலை வெயில் ஏறும் நேரம். பெரியவர் மாடிப்படி ஏறி வந்தார். அவர் மாடி ஏறுகிற ஆள் இல்லை. கீழே காரில் இருந்துகொண்டு ஆள் அனுப்புகிறவர். சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

“டீச்சர், இதுல பறவ எந்தப் பக்கம் பாக்குது?”

“வலது பக்கம், அண்ணாச்சி.”

“ஓரத்துல யாரு பேரு போட்டிருக்குன்னு பாருங்க.”

பார்த்தேன். சின்னவர் பெயர்.

“லாரி புக்கிங் ஆபீஸ்ல எங்க சூப்பர்வைசர் கண்ணுல பட்டுது. லோடு ஏறி நிக்கி. நான் சொல்லித்தான் லாரி கெளம்பாம நிக்கி” என்றார். குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “எங்கப்பா பிரிச்சுக் குடுத்தத இவன் மவுஸ வச்சு மாத்தப் பாக்கான். அவன்தான் திருப்புனான்னு உங்க கம்ப்யூட்டரு சொல்லும்லா. அத மட்டும் சொல்லுங்க. சாயங்காலம் சொந்தக்காரங்களக் கூட்டுதேன். அன்னைக்குப் பேசுன பேச்சுப்படி அவன் பறவைய எறக்கி வச்சிட்டுப் போவட்டும்.”

சின்னவருக்கு அந்தப் பறவை போனால் ஆபீஸே போன மாதிரி. வடக்கே அவரை யாருக்கும் தெரியாது, அவர் பறவையைத்தான் தெரியும்.

பெரியவரை உட்காரச் சொல்லி, அவருக்கு ஒரு கலர் சோடா வரவழைத்துக் கொடுத்துவிட்டு, சுப்புராஜும் விஜயாவும் இருந்த உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சின்னவருக்குப் போன் செய்தேன். அவருக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது.

“டீச்சர், எங்கண்ணாச்சி எம்மேல கோவத்துல இருக்காவ, வாஸ்தவம். ஆனா அப்பா பேச்ச நான் மீறுவனா. யாரு திருப்புனான்னு எனக்குச் சத்தியமாத் தெரியல.”

ஆர்டர் போட்டது யார் என்று கேட்டேன். மேனேஜர் என்றார். கொடுக்கச் சொன்னேன். மேனேஜர் என்னிடம் படித்தவர்தான், ஓடிப்போகாத வகை.

“பறவைய நான் தொடவே இல்ல டீச்சர். வெலய மாத்துனேன், மடிப்பு போட்டேன், சேவ் பண்ணேன். அவ்வளவுதான்.”

“மடிப்பா? நம்மகிட்ட மடிப்புக்குப் பட்டனே கெடையாதே. எங்கன போட்டீங்க?”

“மேல இருக்குல்லா டீச்சர், ரெண்டு முக்கோணம், நடுவுல புள்ளிக்கோடு.”

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் எனக்கு வந்தது பயம் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம். தலைமயிர் சிலிர்க்கிற சந்தோஷம். புதிர் விடுபட்ட நொடி எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும்தானே. அட்டைப்பெட்டித் தொழிலில் புள்ளிக்கோடு என்றால் ஒரே அர்த்தம்தான், இங்கே மடிக்க வேண்டும். சிவகாசிக்கு அனுப்பும் ஒவ்வொரு அட்டையிலும் புள்ளிக்கோடு போட்டு, மடிப்பு என்று குறித்தே பழகிய கைகள் அவை. எங்கள் தளத்தில் அந்தக் கோட்டை அச்சகமே போட்டுக்கொள்ளும், நீங்கள் போட வேண்டாம் என்று நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் மடிந்து நிற்கும் அட்டை மாதிரி இரண்டு முக்கோணம், நடுவில் புள்ளிக்கோடு. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரன் கண்ணுக்கும் அது மடிப்பாகத் தெரிந்திருக்காது. எங்கள் ஊரில் அப்படித்தான் தெரிய முடியும். பட்டன் வேலை செய்கிறதா என்று ஆயிரம் முறை பார்த்திருப்போம். எங்கள் மூன்று பேரைத் தவிர நாலாவது ஆளை அதன் முன்னால் உட்காரவைத்து, இது என்ன என்று கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். நீங்களாவது கேளுங்கள். பின்னால் நாங்கள் தமிழ் எழுத்தைப் படமாகவே வரைந்து, 'படத்தைத் திருப்பு' என்று அந்தப் பட்டன் மேல் ஒட்டினோம். அது ஒரு வாரம் கழித்து. அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

ஆனால் ஒன்று இடித்தது. பறவை திரும்பியது மேனேஜர் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? கேட்டேன்.

“திரும்பலையே டீச்சர். நான் சேவ் பண்ணும்போதும் இடது பக்கம்தான் பாத்துது.”

நான் அதைச் சொன்னதும் சுப்புராஜ் தலையில் கையை வைத்துக்கொண்டான். படம் சர்வரில் திரும்பியிருக்கிறது. ஆனால் பெயர் அதே பெயர். அதனால் அவர்கள் கம்ப்யூட்டர் புதுப்படத்தைக் கேட்டு வாங்காமல், முன்பே வாங்கி வைத்திருந்த பழைய படத்தையே எடுத்துக் காட்டியிருக்கிறது. எங்கள் அறையில் இருந்த கம்ப்யூட்டர்களில் ஒவ்வொரு முறையும் புதிதாகவே வாங்கும்படி சுப்புராஜ் அமைத்து வைத்திருந்தான். அதனால் எங்களுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. எழுத்துகள் தனியாக இருந்ததால் அவை திரும்பவில்லை. சிவகாசியிலும் எழுத்தையும் கலரையும்தான் பார்ப்பார்கள், பறவை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவர்களுக்கு என்ன கவலை.

“ஒரு நிமிசம் டீச்சர். படத்துப் பேருக்குப் பின்னால ஒரு நம்பர் சேத்தா சரியாப் போயிரும்” என்று சுப்புராஜ் கீபோர்டை இழுத்தான்.

அவன் நாற்காலியைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டேன்.

“தொடாத. ஒரு எழுத்தக்கூட மாத்தாத.”

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், நீங்களும் நில்லுங்கள். தவறு எங்கே என்று தெரிந்ததும் நம் கை தானாகவே அதைத் திருத்தப் போகும். அதுதான் நம் தொழில், அதுதான் நம் புத்தி. ஆனால் வெளியே ஒரு மனிதர் தம்பியைத் திருடன் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திருத்திவிட்டு அவரிடம் போய், 'இப்படித்தான் நடந்தது, இப்போது சரியாகிவிட்டது' என்றால் அவர் எதை நம்புவார்? திருத்துவதற்கு முன் பார்க்க வேண்டியவர் பார்த்துவிட வேண்டும்.

விஜயாவுக்கு வேறு யோசனை. “சர்வர் கோளாறுன்னு சொல்லிருங்க டீச்சர். யாருக்குத் தெரியப் போவுது.”

சொல்லியிருக்கலாம், சுலபம். ஆனால் கம்ப்யூட்டர் தானாகவே பறவையைத் திருப்பும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், ஊரில் ஒரு ஆபீஸ்கூட எங்கள் தளத்தில் கால் வைக்காது. தவிர, பெரியவர் வியாபாரி. டீச்சரும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். வாயால் எதைச் சொன்னாலும் ஏறாது. எனக்குத் தெரிந்தது ஒரே வழி. அது பலிக்காமல் போனால் சின்னவர் கதி அவ்வளவுதான் என்றும் தெரிந்தது. முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை.

வெளியே வந்து, “அண்ணாச்சி, கம்ப்யூட்டர் சொல்லுததக் காட்டுதேன். ஆனா நீங்கதான் ஓட்டணும்” என்றேன்.

“எனக்கு என்ன தெரியும்.”

“சீட்டு ஆடுதீங்கள்லா. அவ்வளவு தெரிஞ்சாப் போதும்.”

அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் மத்தியானம் முழுக்கச் சீட்டு விளையாடுவார் என்பது ஊரறிந்த விஷயம். முகம் லேசாகச் சிவந்தது. ஆனால் எழுந்து வந்தார். விஜயாவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். வாடிக்கையாளர்கள் வந்தால் தொடுவதற்கென்று முன்னறையில் வைத்திருந்தது, சுப்புராஜின் கைபடாதது. வெளியில் எல்லோரிடமும் இருப்பது போலவே அதுவும் பழையதை எடுத்துக் காட்டும்.

“இது உங்க லேபிள். புது அட்டைக்கு ஆர்டர் போடணும்னு வச்சுக்கிடுங்க. என்னெல்லாம் செய்வீங்களோ அத்தனையும் செய்ங்க. நான் வாயத் தெறக்க மாட்டேன்.”

அவருடைய மரங்கொத்தி திரையில் வந்தது, வலது பக்கம் பார்த்துக்கொண்டு. அவர் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு மவுஸைப் பிடித்தார். சூரியனை அமுக்கி வெளிச்சம் கூட்டினார். கூட்டிய வெளிச்சம் திரையில் உடனே தெரியவில்லை, அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. விலையை ஒருமுறை படித்தார். எழுத்தைச் சரிபார்த்தார். பிறகு அம்புக்குறி நேராகச் சேவ் பட்டனுக்குப் போனது.

பின்னால் நின்ற சுப்புராஜ் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. எனக்குப் பேச்சு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மடிப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிட்டால் அது நான் செய்வித்ததாகிவிடும், அவர் செய்ததாகாது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த மிகக் கஷ்டமான நேரம் அது. என்னிடம் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், நான் எப்படிப்பட்டவள் என்று சொல்வார்கள்.

அம்புக்குறி சேவ் மேல் நின்றது. அவர் அமுக்கவில்லை. நெற்றியைச் சுருக்கினார்.

“மடிப்பு போடாண்டாமா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அம்புக்குறி மேலே போய், கத்திரிக்கோலைத் தாண்டி, சூரியனைத் தாண்டி நகர்ந்தது.

“இந்தா இருக்கு” என்று சொல்லி, இரண்டு முக்கோணத்தை அமுக்கினார். பிறகு சேவ்.

எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. விஜயா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சுதா அண்ணாச்சி?”

“முடிஞ்சுது.”

“பறவ எந்தப் பக்கம் பாக்குது?”

“அது எங்கன பாக்கும். வலது பக்கம்தான்.”

திரையில் வலது பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கீபோர்டின் மேல்வரிசையில் ஒரு பட்டனைக் காட்டி, அதை அமுக்கச் சொன்னேன். படத்தைப் புதிதாகக் கேட்டு வாங்கும் பட்டன் அது. அமுக்கினார். திரை வெள்ளையானது. அன்றைய வேகத்துக்கு ஒரு படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். முதலில் மஞ்சள் வந்தது. பிறகு ஒரு கிளை. பிறகு சிவப்புக் கொண்டை, அது வரவேண்டிய ஓரத்தில் வரவில்லை. அலகு வந்தது. முழுப் பறவையும் வந்து நின்றபோது அது இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியவர் திரையைப் பார்த்தார். மேசையில் இருந்த தீப்பெட்டியைப் பார்த்தார். மவுஸ் மேல் இருந்த தன் விரலைப் பார்த்தார்.

“நான் திருப்பலையே டீச்சர்.”

“இல்ல அண்ணாச்சி. நீங்க மடிப்புதான் போட்டீங்க.”

“அவனும்?”

“அவிய மேனேஜரும் அதத்தான் போட்டாரு. அது மடிப்பு இல்ல, படத்தத் திருப்புத பட்டன். சொல்லாம விட்டது நாங்க.”

நாங்கள் என்று சொன்னதற்கு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. நாற்காலியில் சாய்ந்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்து, வராமல் நின்றது.

“எங்கப்பா வச்ச பேச்சுப்படி பாத்தா, இப்ப எம் பறவையும் போச்சுல்லா” என்றார்.

சுப்புராஜ் பதறிப்போய், “இல்ல அண்ணாச்சி, இப்பவே திருப்பி வச்சிருதேன்” என்று உள்ளே ஓடினான். பெரியவர் அவனைக் கவனிக்கவில்லை. மேசையில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் நம்பரு எனக்குத் தெரியாது. போட்டுக் குடுங்க.”

நான் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் எடுத்ததும் ரிசீவரை அவர் கையில் தந்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றேன். அதைவிடத் தள்ளி நிற்க அந்த அறையில் இடம் இல்லை.

“நான்தான்” என்றார் பெரியவர்.

பதிலுக்குக் காத்திராமல் மேலே பேசினார்.

“லாரி போவட்டும். வலது பக்கம் பாக்குதது எம் பறவதானே. எங்கிட்ட ஆர்டர் கூடுனா அடுத்த ஆபீஸ்ல செஞ்சு வாங்குததுதானே. இது நீ எனக்குச் செஞ்சு குடுத்ததா இருக்கட்டும். எந்த வியாபாரிக்குப் போவணும்னு நான் டிரைவர்ட்ட சொல்லிருதேன். உனக்குச் சரியான அட்ட வந்ததும் குச்சிய எங்க ஆபீஸ்ல இருந்து எடுத்து அடைச்சுக்க. குச்சி மருந்து ரெண்டு பேருக்கும் அப்பா சொல்லிக்குடுத்த மருந்துதானே.”

இப்போது அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு கொட்டியது. எனக்கு வார்த்தை கேட்கவில்லை, அவசரம் மட்டும் கேட்டது. திருப்பவில்லை, அப்பா பேச்சை மீறவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார், குறுக்கே பேசவில்லை. தம்பி மூச்சு விட நின்றபோது மெதுவாகச் சொன்னார்.

“தெரியும்லே. நானும் அதையேதான் அமுக்குனேன்.”